வாக்கி டாக்கி வாங்கும் முன்பு: ஹாம் ரேடியோ பற்றி நம் குடும்பங்களுக்கு

(நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மேடையில் வழக்கமாகக் கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம், திருமண உதவி என்று பேசுவோம். இன்று ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேசப் போகிறோம். சில மாதங்களாகப் பெற்றோர் பலர் எங்களிடம் வந்து கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம். "பையன் வாக்கி டாக்கி வேண்டும் என்கிறான், ஆன்லைனில் ஆர்டர் போடட்டுமா?" என்பது ஒரு கேள்வி. "ஏலத்தோட்டத்தில் செல்போன் டவர் கிடைப்பதில்லை, ஒரு ஜோடி வாங்கி வைத்தால் என்ன?" என்பது இன்னொன்று. பெருநாள் தொழுகைத் திடலில் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் நம் இளைஞர்களும் இதையே கேட்கிறார்கள்.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த ஆசை நல்ல ஆசை. நம் பள்ளத்தாக்குக்குப் பயன்படக்கூடிய ஆசையும்கூட. ஆனால் ஆன்லைனில் ஆர்டர் போடுவது அதற்கான வழி அல்ல. பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, அதன்பிறகு கருவியைக் கையில் எடுப்பதுதான் வழி. ஏன் என்பதை இன்ஷா அல்லாஹ் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் மலைகளும் செல்போனும்

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று நம் ஊர்கள் எல்லாம் மலைகளுக்கு நடுவே இருக்கின்றன. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் எத்தனையோ பேர். மேலே ஏறிவிட்டால் பல இடங்களில் போன் பேசாது. மாலையில் ஜீப் வந்து சேரும்வரை வீட்டில் இருப்பவர்களுக்குக் கவலைதான்.

இரண்டு சம்பவங்களை நினைவுபடுத்துகிறோம். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேற்றத்துக்கு வந்திருந்த இளைஞர்களும் பெண்களும் அதில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அருகே ராஜமலை பெட்டிமுடியில் கனமழையால் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். மழையில் மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்ததால், அந்தச் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது.

ஒரு வயர்லெஸ் கருவி இருந்திருந்தால் இத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் டவரும் மின்சாரமும் போன இரவில், பேட்டரியில் ஓடும் ஒரு கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஒரு ஆளும் ஊரில் இருந்தால், வெளியே செய்தி சொல்ல ஒரு வழியாவது மிஞ்சும்.

ஹாம் ரேடியோ என்பது என்ன?

வயர்லெஸ் கருவியில் பேசுவதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் உலகம் முழுவதும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இதை அமெச்சூர் ரேடியோ என்றும் ஹாம் ரேடியோ என்றும் சொல்கிறார்கள். அரசு நடத்தும் பரீட்சையில் தேறியவருக்கு ஓர் உரிமமும், உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறியும் கிடைக்கும். இந்தியாவில் பெரும்பாலும் வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கி, பின்னால் இரண்டு மூன்று எழுத்துகள் வரும். பேசத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அந்தக் குறியைச் சொல்ல வேண்டும். பெயர் மாதிரி அது ஆயுள் முழுக்கக் கூட வரும்.

ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஒரு ஹாம். ஜே.ஒய்.1 என்ற குறியில், அரண்மனையிலிருந்து சாதாரண மக்களுடன் பேசிக்கொண்டிருப்பார். 1983ல் விண்வெளி ஓடத்திலிருந்து முதன்முதலாக ஹாம் ரேடியோவில் பேசிய ஓவன் கேரியட்டுடன் உரையாடியவர்களில் அவரும் ஒருவர். நம் நாட்டில் ராஜீவ் காந்தி வி.யு.2 ஆர்.ஜி. என்ற குறியை வைத்திருந்தார். மன்னரும் பள்ளி மாணவரும் ஒரே அலைவரிசையில் ஒருவருக்கு ஒருவர் இடம்விட்டுப் பேசுகிற பழக்கம் இது.

இந்தப் பொழுதுபோக்கு ஆபத்துக்கு உதவிய கதைகள் நிறைய உண்டு. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, அந்தமான் தீவிலிருந்து உலக ஹாம்களுடன் பேசுவதற்காகக் குழுவுடன் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார். பொழுதுபோக்குக்காகப் போன பயணம்தான். 26ஆம் தேதி காலை நிலம் நடுங்கியது, சுனாமி வந்தது, தொலைபேசிகள் செயலிழந்தன. அவர் உடனே தன் நிலையத்தை அவசரத் தகவல் நிலையமாக மாற்றிவிட்டார். தீவில் இருக்கும் சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று நாட்டின் மற்ற பகுதிகளில் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் வழியாகச் செய்தி போனது. நம் தாய்மார்களும் தங்கைகளும் இதைக் கவனிக்க வேண்டும். இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான விஷயம் அல்ல. வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடியது, அறிவும் பொறுமையும் மட்டுமே கேட்பது.

மேற்கு வங்கத்தில் உள்ள ஹாம் ரேடியோ அன்பர்கள், கங்காசாகர் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோகும் முதியவர்களை அவர்களுடைய குடும்பத்தோடு சேர்த்து வைக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். வீடு எங்கே என்று சொல்லத் தெரியாத முதியவரின் பேச்சுவழக்கையும் அவர் சொல்லும் ஊர்ப் பெயரையும் வைத்து, வேறு மாநிலத்து ஹாம்களிடம் விசாரித்துக் கண்டுபிடிக்கிறார்கள். மதம், மொழி பார்த்துச் செய்வதில்லை. இதை நாம் கித்மத் என்றுதான் சொல்வோம்.

ஐந்து வாட் கருவி எவ்வளவு தூரம் பேசும்?

விளம்பரத்தில் 10 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதை நம்பிப் பணம் போடக் கூடாது. கையடக்க வாக்கி டாக்கியின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. கண்ணுக்கு எட்டும் தூரம்தான் காதுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பூமி உருண்டை என்பதால், சமதரையில் நிற்கும் ஆளின் கண்ணுக்கு அடிவானம் சுமார் நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். 100 மீட்டர் உயரத்தில் நின்றால் சுமார் 36 கிலோமீட்டர் தெரியும். 1000 மீட்டர் உயரத்தில் நின்றால் 110 கிலோமீட்டரைத் தாண்டும். அலைகள் சற்று வளைவதால் இதைவிடக் கொஞ்சம் கூடவே போகும். ஆனால் குறுக்கே ஒரு மலை இருந்தால் 3 கிலோமீட்டரில் இருப்பவருக்கும் கேட்காது.

ஆகவே நம் பள்ளத்தாக்கில் ஒரே கருவி இரண்டு விதமாக நடந்துகொள்ளும். தோட்டத்து ஓடைக்குள் நின்று கூப்பிட்டால் அடுத்த மேட்டுக்குக்கூடப் போகாது. அதே கருவியுடன் மலை விளிம்பில் நின்று கூப்பிட்டால், கீழே இருக்கும் ஊர்கள் எல்லாம் கேட்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்க ஹாம்கள் உயரமான மலைகளில் ரிப்பீட்டர் என்ற மறு ஒலிபரப்புக் கருவியை வைப்பார்கள். அது ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் திருப்பிச் சொல்லும். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருப்பவர்கள், நடுவில் உச்சியில் இருக்கும் அதன் மூலம் பேசிக்கொள்வார்கள்.

விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. குறுக்கே மலை ஏதும் இல்லாததால், தலைக்கு மேலே வரும் சில நிமிடங்களில் ஐந்து வாட் கருவியாலும் அதை எட்ட முடியும். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் இருந்தபோது, பெங்களூருவிலும் ஷில்லாங்கிலும் கூடியிருந்த பள்ளி மாணவர்கள் அவருடன் ஹாம் ரேடியோவில் பேசினார்கள். 2005 மே 5 அன்று நம் இஸ்ரோ நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்று இந்த அன்பர்களுக்காகவே ஒரு சிறு செயற்கைக்கோளை ஏவியது. பிள்ளைகளுக்கு இயற்பியல் பாடம் கசக்கிறது என்று சொல்லும் பெற்றோர் இதை யோசித்துப் பாருங்கள். 300ஐ 145ஆல் வகுத்தால் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு அரை மீட்டர். அந்த நீளத்துக்குக் கம்பியை வெட்டிச் சரியாகப் பொருத்தினால் அது 145 மெகாஹெர்ட்ஸுக்கான ஆன்டெனா. வகுத்தல் கணக்கு கையில் பொருளாக நிற்பதைப் பார்த்த பிள்ளை கணக்கை வெறுக்காது.

உரிமம் இல்லாமல் ஏன் கூடாது?

இப்போது கவனமாகக் கேளுங்கள். நம் நாட்டில் வயர்லெஸ் கருவியில் பேசுவது மட்டுமல்ல, உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் முதலே நிலைமை இதுதான். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் கருவியை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. "கடையில் விற்கிறார்களே, அப்படியானால் சரிதானே?" என்று கேட்கலாம். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த விற்பனைக்காகவே பல இணைய வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. உரிமம் தேவையா, என்ன அலைவரிசை, அரசின் ஒப்புதல் சான்று உண்டா என்பதைச் சொல்லாமலே விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம்.

இந்தச் சட்டம் வெறும் கெடுபிடி அல்ல. மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையும், 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையும் பேசக்கூடியவை. காவல்துறை, வனத்துறை போன்ற பல சேவைகள் பயன்படுத்தும் அலைவரிசைகள் அதற்குள் அடங்கும். விவரம் தெரியாத பிள்ளை ஏதோ ஒரு எண்ணைப் போட்டு "ஹலோ ஹலோ" என்று பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் அவசரச் செய்தி சொல்லும் யாரோ ஒருவரின் குரல் அடைபட்டுப் போகலாம்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். உரிமம் இல்லாத வயர்லெஸ் கருவி இந்தக் காலத்தில் யார் வீட்டில் இருந்தாலும் கேள்வி வரும். நம் வீட்டில் இருந்தால் கேள்விகள் கூடுதலாக வரும் என்ற அச்சம் நம் தாய்மார்களின் மனதில் இருக்கிறது. அந்த அச்சத்தால் பிள்ளைகளை இந்தக் கலையிலிருந்தே விலக்கி வைக்க வேண்டியதில்லை. அரசு முத்திரையுள்ள உரிமமும் அழைப்புக்குறியும் கையில் இருந்தால், யார் கேட்டாலும் நிமிர்ந்து நின்று காட்டலாம். விளையாட்டுக்காக வாங்கியதுதான் என்று காவல் நிலைய வாசலில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை எந்த அத்தாவுக்கும் வரக் கூடாது.

உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும், குறைந்த சக்தியில் பேசும் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது. அரசின் ஒப்புதல் சான்று பெற்ற கருவியாகவும் இருக்க வேண்டும். திடலில் வண்டி ஒழுங்குபடுத்தவும், ஒரே தோட்டத்துக்குள் கூப்பிட்டுக்கொள்ளவும் அது போதும். வாங்கும்போது பெட்டியில் அந்த எண்ணையும் சான்றையும் பாருங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள். அதைவிடப் பெரிய தேவை உள்ள தோட்டக்காரர்கள் வணிகத்துக்கான தனி உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஹாம் உரிமத்தை வைத்துக்கொண்டு ஏலக்காய் விலை பேசக் கூடாது. அதில் வியாபாரத்துக்கு இடமே இல்லை.

ஏற்கெனவே வேறு வகைக் கருவியை வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம். அதை இயக்காதீர்கள். வேறு யாருக்கும் விற்காதீர்கள், இரவல் கொடுக்காதீர்கள். வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்க முயலுங்கள். முடியாவிட்டால் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

பரீட்சை எப்படி?

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு இந்தப் பரீட்சையை நடத்துகிறது. 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். இரண்டு நிலைகள் இருக்கின்றன. தொடக்க நிலைக்கு அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். தேறியவர்கள் 50 வாட் வரை பயன்படுத்தலாம். பொது நிலைக்கு மோர்ஸ் தந்திக் குறியீட்டை நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். பரீட்சைக் கட்டணம் 100 ரூபாய், 20 ஆண்டு உரிமத்துக்கு 1000 ரூபாய் என்ற அளவில்தான் செலவு. விண்ணப்பிக்கும் நாளில் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை பொறுத்திருப்பதும் இந்தப் பயிற்சியில் ஒரு பாகம்தான்.

தனிநபர்கள் மட்டுமல்ல, பள்ளிகளும் கல்லூரிகளும் சங்க நிலையம் அமைக்க விண்ணப்பிக்கலாம். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி போன்ற நம் பகுதிக் கல்வி நிலையங்களில் படிக்கும் பிள்ளைகள், தங்கள் இயற்பியல் ஆசிரியர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். கண்பார்வை குறைந்த நம் சகோதரர்களையும் மறந்துவிடாதீர்கள். காதும் குரலும் போதும் என்ற இந்தத் துறையில் பார்வையற்ற ஹாம்கள் பலர் சிறந்து விளங்குகிறார்கள்.

அலைவரிசையில் அதபு

கருவி கைக்கு வந்த பிறகு ஒழுங்கு முக்கியம். வாக்கி டாக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசி முடித்து "ஓவர்" என்று சொல்லி பட்டனை விட்டால்தான் அடுத்தவர் பேசலாம். ஆகவே பேசும் முன் கேட்க வேண்டும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். செல்போனில் ஒரே நேரத்தில் இருவரும் கத்திப் பழகிய நமக்கு இது நல்ல பாடம்.

பாட்டு ஒலிபரப்பக் கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. யாருடன் எப்போது பேசினோம் என்று குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். நமக்கு என்று வராத செய்தி காதில் விழுந்தால், அதை வெளியே சொல்லக் கூடாது. பேரிடர் காலத்தில் அரசு அதிகாரிகளுக்காகச் செய்தி கொண்டுசேர்க்க அனுமதி உண்டு. அப்போதும் கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் அடுத்த நொடியே அனுப்பிவிடும் இந்தக் காலத்தில், காதில் விழுந்த சொல்லை அமானிதமாகக் காக்கப் பழகிய பத்துப் பிள்ளைகள் ஒரு ஊருக்குப் பெரிய சொத்து.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

விருப்பமுள்ள பிள்ளைகள் சேர்ந்து படிக்க, வாரம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அறக்கட்டளையின் நூலக அறையைத் திறந்து வைக்கிறோம். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி நேரம். புத்தகங்களை நாங்கள் வாங்கித் தருகிறோம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணத்தையும் உரிமக் கட்டணத்தையும் கல்வி நிதியிலிருந்து செலுத்துகிறோம். நம் ஜமாஅத்துக்கு வெளியே உள்ள அண்டை வீட்டுப் பிள்ளைகள் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். மலை சரிந்தால் எல்லார் வீட்டின் மேலும்தான் சரியும். கருவியை மட்டும் அறக்கட்டளை வாங்கித் தராது. உரிமம் வந்த பிறகு பெற்றோர் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது இரண்டே. உரிமம் வரும் முன்பு ஆர்டர் போடாதீர்கள். "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று சொல்லிப் பிள்ளையின் ஆசையையும் அணைத்துவிடாதீர்கள். வரும் ஆண்டுகளில் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் உரிமம் பெற்ற நாலு பேர் இருந்தால், அடுத்த பெருமழையில் டவர் விழும்போது வட்டாட்சியர் அலுவலகமும் தீயணைப்பு நிலையமும் கூப்பிட உள்ளூரிலேயே ஆள் இருக்கும். மலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும்வரை வாசலில் நிற்கும் தாய்மார்களுக்கு அது ஆறுதலாக இருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்து, மலைக்கு வேலைக்குப் போகும் அனைவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.